காத்திருந்ததாகச் சொல்லப்பட்ட நெல்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் விவசாயப் போதனாசிரியர்களே, உங்கள் பயிற்சி மலருக்கு ஒரு கட்டுரை கேட்டீர்கள். "உங்கட சேவைக்காலத்தின்ர இனிய நினைவுகளை எழுதித் தாங்கோ மிஸ்" என்றார் தொலைபேசியில் பேசிய தங்கச்சி. இனிய நினைவுகள் என்னிடமும் இருக்கின்றன. அவற்றை வீட்டில் வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு கோபத்தைத் தருகிறேன். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது ஓய்வு பெறவில்லை. உங்கள் வேலைக்கு அதுதான் கூடுதலாக உதவும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், நான் பேசாலைக்காரி. அப்பா கடலுக்குப் போனவர். கருவாட்டு மணத்துக்குள் வளர்ந்த நான், நானாட்டான் பக்கத்து வயல்காரருக்கு நெல்லைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கப் போனேன். அவர்கள் சும்மா விடுவார்களா? "மீன்காரப் பிள்ளை வயல் பாக்க வந்திட்டா" என்று முதல் கிழமையே பகிடி தொடங்கிவிட்டது. "ஓம், உங்கட நெல்லுக்குச் செதில் உரிக்கிறது எப்பிடியெண்டு பாக்க வந்தனான்" என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். அந்தப் பகிடியோடுதான் நாங்கள் ஒருவரை ஒருவர் நம்பப் பழகினோம். நான் சொல்லப்போகும் விஷயத்தில் பகிடி இல்லை.

சண்டை முடிந்து சனம் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் ஒரு பகுதி வருடக்கணக்காக உழப்படாமல் கிடந்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வேலையை முடித்து, சிவப்புப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு, ஒவ்வொரு குடும்பமாகத் தறப்பாளும் தகரமும் கொண்டு வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் பவளம் அக்கா. அவருடைய கணவர் கடைசி இடப்பெயர்வில் செல், அதாவது எறிகணை, விழுந்து இறந்தவர். ஊரை விட்டு ஓடுவதற்கு முன், அந்த வயலில் கடைசியாக விதைத்தவர் அவர்தான். அறுவடைக்கு நிற்கக் கிடைக்கவில்லை.

நான் அந்த ஊருக்குப் போன முதல் நாள் பவளம் அக்கா என் கையைப் பிடித்து வரம்புக்கு இழுத்துக்கொண்டு போனார். மார்கழி மழை பெய்து ஓய்ந்திருந்தது. பற்றையும் நாணலுமாக இருக்கும் என்று நினைத்துப் போன எனக்கு, நடுவில் இடுப்பளவு நெல் நின்றது திகைப்பாகத்தான் இருந்தது. யாரும் உழவில்லை, விதைக்கவில்லை. ஆனாலும் நெல்.

"பாத்தீங்களே மிஸ்," என்றார். "நாங்கள் இல்லாட்டியும் இது நிண்டிருக்கு. அவர் விதைச்ச நெல்லு. எங்களைக் காத்துக்கொண்டு நிண்டிருக்கு."

அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. திரும்பி வந்த இடத்தில் வீடு இல்லை, கிணறு தூர்ந்து போயிருந்தது, மாடுகள் போன இடம் தெரியவில்லை. அந்த ஊரில் அவருக்கென்று ஒன்று மிஞ்சியிருந்தால் அது இந்த நெல்தான். அதையும் கணவர் கைப்பட விதைத்தது என்று நம்பிக்கொண்டு நின்றார்.

நான் வரம்பில் குந்திப் பார்த்தேன். ஒரு பயிர் உயரம், ஒரு பயிர் கட்டை. கதிர் நுனிகளில் நீண்ட முள்மயிர். கதிரின் அடிப்பாதி இன்னும் பச்சையாக இருக்க, மேல்பாதி ஏற்கெனவே வெறுமையாகிவிட்டது. உள்ளங்கையை விரித்துக் கதிரின் கீழே பிடித்து, விரலால் ஒருமுறை தட்டினேன். நெல் பொலபொலவென்று கையில் விழுந்தது. ஒன்றை நகத்தால் உரித்தேன். மெலிந்த சிவப்பு அரிசி.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருக்கிறீர்கள் என்று நினையுங்கள். பக்கத்தில் அந்த மனுசி. கையில் இந்த நெல். என்ன சொல்வீர்கள்? நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றும். நாளைக்குச் சொல்வது ஒருபோதும் சுலபமாக இருப்பதில்லை. நான் அங்கேயே சொன்னேன்.

"அக்கா, இது களை நெல்லாப் போச்சு. அவர் விதைச்ச நெல்லின்ர வழியில வந்ததாயிருக்கலாம், குளக்கரைக் காட்டு நெல்லும் கலந்திருக்கும். ஆனா அவர் விதைச்சது இது இல்லை. இதை விதைக்கு எடுக்கேலாது."

"அவர் விதைச்சதை நான் பாத்தனான்," என்றார். குரல் மாறிவிட்டது. "இந்த வரம்பில நிண்டு பாத்தனான். நீங்கள் அப்ப எங்க நிண்டனீங்கள் மிஸ்?"

அவர் என் கையிலிருந்த நெல்லை வாங்கித் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

நீங்கள் பாடத்தில் இயற்கைத் தெரிவு, செயற்கைத் தெரிவு என்று படித்துப் பரீட்சையில் எழுதிவிட்டு வந்திருப்பீர்கள். பரீட்சையில் எழுதியது வயலில் உதவாது. பவளம் அக்காவின் மாமனார் காலத்தில் அந்தக் குடும்பம் எப்படி விதை எடுத்தது என்று பாருங்கள். வயலில் நன்றாக விளைந்த மூலையைப் பார்த்து வைப்பார்கள். அதைத் தனியாக வெட்டி, தனியாக அடித்து, காயவைத்துக் கட்டி வைப்பார்கள். அடுத்த போகத்துக்கு அதுதான் விதை. அதாவது, அரிவாள் வரும்வரை கதிரில் நின்ற நெல் மட்டும்தான் வீட்டுக்கு வந்தது. வீட்டுக்கு வந்தது மட்டும்தான் மறுபடி வயலுக்குப் போனது. முந்திக்கொண்டு விழுந்தது மண்ணோடு போயிற்று, அது முளைத்து வந்தால் பிடுங்கி எறிந்தார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கித்தான், மனிதனுக்காக நிற்கிற நெல் என்று ஒன்று உண்டாயிற்று. கண் பார்த்து, கை தொட்டு, மனிதன் தன் வயிற்றை நினைத்துச் செய்த வேலை அது.

மனிதனை அங்கிருந்து துரத்திவிடுங்கள். கதிரில் ஒழுங்காக நின்ற நெல்லுக்கு என்ன நடக்கும்? கிளி தின்னும், எலி தின்னும், கதிரோடு சாய்ந்து அழுகும். வெட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. முந்தி விழுந்து சேற்றுக்குள் ஒளிந்துகொண்டது முளைக்கும். எல்லாம் ஒன்றாக முதல் மழைக்கே முளைத்தால், மழை ஏமாற்றிய வருடம் எல்லாம் ஒன்றாகச் செத்துப்போகும். சோம்பிக் கிடந்தது மிஞ்சும். முள்மயிர் இல்லாததைக் குருவி சுலபமாகக் கொத்தும், இருந்தது மிஞ்சும். நாங்கள் களை என்று எறிந்த குணமெல்லாம் அங்கே உயிர் காத்த குணம். நாங்கள் ஆசையோடு பொறுக்கிய குணமெல்லாம் அங்கே சாவு. இதை அங்கே யாரும் இருந்து தெரிவு செய்யவில்லை. திட்டமும் இல்லை, நோக்கமும் இல்லை. செத்தது செத்தது, மிஞ்சியது பெருகியது.

எனக்கு இது வலையால்தான் விளங்கியது. அப்பா வலை இழுத்து வரும்போது, வலைக்கண்ணுக்குள் நுழைந்து தப்பின மீனைப் பற்றி யாரும் அது வீரமான மீன் என்று சொன்னதில்லை. அது மெலிந்த மீன். வலைக்கண் அந்த அளவில் இருந்தது, அதனால் தப்பியது. தப்பியதற்கும் நல்லதற்கும் சம்பந்தம் இல்லை. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். ஒரு உதவி நிறுவனம் அந்தப் பக்கத்தில் மீள்குடியேற்றத் திட்டம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தது. அதன் இணைப்பாளர் கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பி. நல்ல பிள்ளை. யாரையும் ஏமாற்ற வந்தவரில்லை, படித்தவர், சனத்தோடு சனமாக நிலத்தில் இருந்து சாப்பிடுவார். அதுதான் எனக்கு இன்னும் கூடக் கோபம். கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

பவளம் அக்காவின் நெல்லைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாளே ஓடி வந்தார். வரம்பில் நின்று பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கியே விட்டது.

"மிஸ், யோசிச்சுப் பாருங்கோ," என்றார். "உரம் இல்லை, மருந்து இல்லை, வாய்க்கால் தண்ணி இல்லை, இத்தனை வருசம் ஒரு மனுசர் இல்லை. இதுக்குள்ள தப்பினதெண்டா இதைவிடப் பலமான விதை எங்க இருக்கு? இயற்கையே தெரிவு செய்து தந்திருக்கு."

"எதுக்குத் தெரிவு செய்தது தம்பி?"

"தப்பிப் பிழைக்கிறதுக்கு."

"எங்களுக்குச் சாப்பாடு தாறதுக்கு இல்லையே?"

சிரித்தார். நான் பகிடி விட்டேன் என்று நினைத்திருப்பார். ஒரு கதிரைப் பிடித்துத் தட்டிக் காட்டினேன். விழுந்த நெல்லைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முந்தி வெட்டினாச் சரிதானே?" என்றார். பச்சையும் பழுப்பும் ஒரே கதிரில் இருக்கும் நெல்லை எப்போது முந்தி வெட்டுவது? இதை நான் கேட்டபோது அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

தைப்பூசம் வந்தது. அங்குள்ள வயல்காரக் குடும்பங்களில் அன்றைக்குப் புதிர் எடுப்பார்கள். விடிய முழுகி, வயலுக்குப் போய், சூரியனைக் கும்பிட்டு, புது நெல்லில் ஒரு பிடி கதிர் வெட்டி, அதைத் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்து சாமிக்கு வைப்பார்கள். அதில் கொஞ்சம் உரித்து, பாலும் பழமும் சேர்த்துப் பிள்ளை குட்டிகளுக்குக் கொடுப்பார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, ஆனாலும் பல வீடுகளில் அந்த ஒரு கரண்டியை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். இடம்பெயர்ந்த காலம் முழுவதும் பவளம் அக்கா புதிர் எடுக்கவில்லை. வயல் இல்லாமல் எங்கே எடுப்பது?

அந்தத் தைப்பூசத்தைத் தம்பி விழாவாக்கிவிட்டார். பதாகை, சனம் இருக்கக் கதிரைகள், ஒலிபெருக்கி, படம் எடுக்க ஒரு கமராக்காரர். எங்கள் மேலதிகாரியும் வந்தார். "காத்திருந்த விதை" என்று பதாகையில் எழுதியிருந்தது. நான் பவளம் அக்காவிடம் போய், "அக்கா, தலையில வைக்காதேங்கோ. சேலையில ஏந்திக்கொண்டு வாங்கோ, கொட்டிப்போகும்" என்று மட்டும் சொன்னேன். "புதிரைத் தலையிலதான் கொண்டு வாறது" என்றார், என்னைப் பார்க்காமல்.

வெட்டினார். கதிர்ப்பிடியைத் தலையில் வைத்து வரம்பு வழியே நடந்தார். கமராக்காரர் அவருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து படம் எடுத்தார். பின்னால் ஊர்ச்சனம், அதற்குப் பின்னால் கந்தோர் உத்தியோகத்தர்களான நாங்கள். கொஞ்சத் தூரம் போவதற்குள் நெல் விழத் தொடங்கியது. அவருடைய தலைமயிரில், தோளில், வரம்பில். அவருக்குத் தெரியவில்லை. பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்தது. நெல்லைக் காலால் மிதிக்க யாருக்கு மனம் வரும்? முதலில் ஒரு கிழவர் வரம்பை விட்டுச் சேற்றுக்குள் இறங்கி நடந்தார். பிறகு அவருக்குப் பின்னால் வந்த பெண்கள். சிலர் குனிந்து பொறுக்கினார்கள். ஊர்வலம் அப்படியே கலைந்து, வரம்புக்கு இரண்டு பக்கமும் சேற்றில் சனம் சத்தமில்லாமல் நடந்தது. வரம்பின் மேலே பவளம் அக்கா மட்டும். அவருக்குப் பின்னால் மைனாக்கள் இறங்கிக் கொத்தத் தொடங்கிவிட்டன.

தகரக் கொட்டிலில் சாமிப்படத்துக்கு முன் அவர் பிடியை இறக்கியபோது அது வைக்கோலாக இருந்தது. அடியில் நாலைந்து பச்சை மணி, உள்ளே பால்கூடக் கட்டாதது.

தம்பிதான் பேசினார். "பரவாயில்லை அக்கா, இன்னொரு பிடி வெட்டிக்கொண்டு வருவம். வாசல்ல நிண்டு ஒரு படம் எடுத்தாப் போதும்."

"கமராவை நிப்பாட்டுங்கோ," என்றேன். நான் கத்தினேன் என்று பிறகு மேலதிகாரி சொன்னார். கத்தித்தான் இருப்பேன். விஞ்ஞானம் விளக்க அது நேரமில்லை. 'நான் முந்தியே சொன்னனே' என்று சொல்லவும் அது நேரமில்லை. அப்படிச் சொல்ல வாய் துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அந்த வாசலில் ஒரு வேலைதான் இருந்தது, அந்த மனுசியின் முகத்துக்கு முன்னாலிருந்து அந்தக் கமராவை அகற்றுவது.

பவளம் அக்கா வைக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். நான் குடித்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சோகக்கதை. நான் கோபத்தைத் தருவதாகச் சொன்னேன்.

அடுத்த காலபோகத்துக்கு, அதுதான் மாரிமழை விதைப்புக்கு, முன் விதைநெல் பங்கிடும் கூட்டம் எங்கள் கந்தோரில் நடந்தது. சனம் திரும்பி வந்த ஊர்களுக்கெல்லாம் அரசாங்க விதைநெல் கொடுப்பதாக ஏற்பாடு. பவளம் அக்காவின் ஊருக்கு இல்லை. ஏன்? அந்த ஊருக்குச் சொந்த விதை இருக்கிறதாம். பதாகையில் எழுதியாகிவிட்டது, படம் வெளியே போய்விட்டது, விதை பலமானது என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. விதை கேட்ட ஊர்கள் நிறைய, இருந்த விதை கொஞ்சம். பட்டியலில் ஒரு ஊரை வெட்டிவிட ஒரு நல்ல காரணம் கிடைத்தால் எந்த அதிகாரிக்குத்தான் கசக்கும்?

அந்த நெல்லை விதைத்தால் அந்தப் போகம் அந்த ஊருக்கு இல்லை. வெட்டப் போகும்போது பாதிக்குமேல் வயலில் கிடக்கும். நிவாரண அரிசியும் நிறுத்தப்படும் காலம் அது. என்ன சாப்பிடுவார்கள்? இதைத்தான் எழுந்து கேட்டேன்.

"மிஸ், நல்ல விஷயத்துக்கு ஏன் குறுக்க நிக்கிறியள்?" என்றார் மேலதிகாரி. "எல்லாரும் பாரம்பரிய விதை எண்டு கேக்கினம். இது போருக்குள்ளால தப்பி வந்த விதை."

"பாரம்பரிய விதை எண்டா ஆக்கள் வருசாவருசம் பொறுக்கிக் காப்பாத்தின விதை சேர். மொட்டைக்கறுப்பன் நெல்லு அப்பிடி வந்தது. இதை ஒருத்தரும் பொறுக்கேல்லை. கைவிடப்பட்டதும் காப்பாத்தினதும் ஒண்டில்லை."

அப்போது தம்பி எழுந்தார். அவர் குரலில் உண்மையான உருக்கம் இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"நீங்கள் நெல்லை மட்டும் பாக்கிறியள் மிஸ். நான் இந்தச் சனத்தையும் பாக்கிறன். இவையும் அந்த நெல்லைப் போலத்தான். எல்லாத்துக்குள்ளாலையும் தப்பி வந்திருக்கினம். பலமான ஆக்கள்தான் தப்புவினம். இவைக்கு நாங்கள் கனக்கக் குடுத்து அந்தப் பலத்தைக் கெடுக்கக்கூடாது."

கேட்டீர்களா? இதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். நெல்லில் தொடங்கிய பிழை மனிதரில் வந்து நின்றது. தப்பியது பலமானது. பலமானதற்கு உதவி தேவையில்லை. அப்படியென்றால் தப்பாததைப் பற்றி என்ன சொல்லப் போகிறீர்கள்? செத்தவர்கள் பலமில்லாதவர்களா? செல் ஆளைப் பார்த்துத் தெரிவு செய்துதான் விழுந்ததா? நெல்லிலாவது முந்தி விழுகிற குணம் பிள்ளைக்குப் போகும், அது பெருகும், அதைத் தெரிவு என்று சொல்லலாம். செல் விழுந்ததில் என்ன குணம், என்ன தெரிவு? இதையெல்லாம் நான் சொல்ல வாய் திறப்பதற்குள், பின்வரிசையில் ஊர்ப் பிரதிநிதியாக இருந்த பவளம் அக்கா எழுந்தார். தைப்பூசத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசியிருக்கவில்லை.

"தம்பி," என்றார். அமைதியாகத்தான் சொன்னார். "என்ர மனுசன் என்னைவிடப் பலமான ஆள். என்னைவிடக் கெட்டிக்காரன். செல்லுக்குப் பதுங்கின பங்கருக்குள்ள இடம் காணாதெண்டு அவர் வாசல்ல இருந்தவர். நான் உள்ளுக்க இருந்தனான். அவ்வளவுதான். இதில என்ர பலம் எங்க கிடக்கு?"

தம்பி கதிரையில் இருந்துவிட்டார்.

"எங்களுக்கு விதைநெல்லுத் தாங்கோ," என்றார் பவளம் அக்கா, மேலதிகாரியைப் பார்த்து. "மிஸ் சொல்லுறது சரி. அது எங்கட நெல்லு இல்லை."

வென்றோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். முழுதாக வெல்லவில்லை. விதைநெல் வந்தது, ஆனால் பிந்தி வந்தது, கேட்டதைவிடக் குறைய வந்தது. மற்ற ஊர்கள் விதைத்து முடித்த பிறகு வந்தது. மேலதிகாரி என்னோடு நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். போகும் முன் என்னிடம் வந்து, "நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை மிஸ்" என்றார். "தெரியும் தம்பி, நினைக்காமல்தான் சொன்னனீங்கள்" என்றேன். கடுமையான வார்த்தைதான். திரும்பவும் அதையேதான் சொல்வேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். ஆடோ, மாடோ, மீனோ, நெல்லோ, எதையாவது காட்டி, "இயற்கையே தெரிவு செய்தது" என்று யாராவது உருகுவார்கள். உருகுகிறவரைப் பார்த்து நீங்களும் உருகாதீர்கள். அது எதற்குப் பிழைத்தது, நமக்கு அது எதற்கு வேண்டும் என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் எழுந்து நின்று சொல்லுங்கள். அதிகாரி கோபிப்பார். ஊர்ச்சனமும் கோபிக்கும், அதுதான் கூட வலிக்கும். அதே பேச்சு ஆட்களைப் பற்றித் திரும்பும்போது, தயவுசெய்து, மரியாதை பார்த்துக்கொண்டு கதிரையில் இருக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. வந்த விதையை அந்த வயலில் அப்படியே போட முடியாது. மண்ணுக்குள் களை நெல் வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டு கிடந்தது. புது விதையோடு அதுவும் முளைத்தால் பிரித்தறிய முடியாது. விதைநெல் பிந்தியதில் ஒரேயொரு லாபம், களை நெல்லை முளைக்கவிட்டு உழுது புரட்ட நேரம் கிடைத்தது. மழை விழட்டும், முளைக்கட்டும், உழுங்கள், திரும்ப முளைக்கட்டும், திரும்ப உழுங்கள் என்று பவளம் அக்காவுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மனுசியின் கையாலேயே அதை அழிக்கச் சொன்னேன்.

முதல் மழைக்கு வயல் முழுக்கப் பச்சை பிடித்துவிட்டது. உழவுக்கு நாங்கள் வரம்பில் நின்றோம். இளம் பயிர், காற்றுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பியது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. உழவு மெசின்காரருக்கே மனம் வரவில்லை. வயல் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"என்னக்கா, வடிவா முளைச்சுக் கிடக்கு. இதையோ உழச் சொல்லுறியள்?"

பவளம் அக்கா பயிரைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன சொன்னாலும் அது என் வயல் இல்லை.

"அவர் விதைச்ச நெல்லெண்டால், மிஸ்," என்றார் என்னிடம், "நான் அரிவாளோட வருமட்டும் அது கதிரில நிண்டிருக்கும்."

பிறகு மெசின்காரரைப் பார்த்து, "உழு தம்பி" என்றார்.